உட்காராமல் கழிந்த எட்டு மாதம்

எனக்கு ஆசனவாயில் வெடிப்பு வந்தது. இந்த ஒரு வரியை வாயால் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. அதனால் எழுதும்போதாவது இழுக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வாயாடி. ராஜபாளையத்தில் எங்கள் தெருக் குழாயடியில் என்னிடம் வாய் கொடுக்க ஆட்கள் யோசிப்பார்கள். ரேஷன் கடைக்காரர் என் தலையைப் பார்த்ததும் தராசில் இன்னொரு கை அரிசி அள்ளிப் போடுவார். பஸ்ஸில் என் காலை மிதித்தவனை அவன் இறங்கும்வரை விடமாட்டேன். அப்படிப்பட்டவள் எட்டு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில். ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றிக் கட்டுகிறார்களே, சல்லடை மாதிரி வெள்ளைத் துணி, அது எங்கள் பக்கத்தில் நெய்து வெளியூர் போகிறது. ஆறு தறி என் பொறுப்பு. நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வெளியே. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும். பாதிப் பேச்சு கையாலும் உதட்டாலும் நடக்கும்.

கூடத்துக்குப் பின்னால் ஒரே ஒரு கக்கூஸ். அதன் கதவுக் கொண்டி உடைந்து மூன்று வருடம் ஆகிறது. கம்பி வைத்து உள்ளே கட்ட வேண்டும். கம்பி பாதி நாள் இருக்காது. அதற்கு நேர் எதிரே லாரியில் துணி ஏற்றுகிற இடம். ஏற்றுகிற ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். முதலாளியிடம் கொண்டியைப் பற்றிக் கேட்டால் "பாப்போம்மா" என்பார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அதனால் எங்கள் கூடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம். மத்தியானச் சாப்பாட்டோடு அரை டம்ளர், அவ்வளவுதான். வெயில் காலத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு மடக்கு வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவோம். புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம். "தண்ணியக் குறைச்சுக்கட்டி, காலையில வீட்டுல போகலைன்னா அடக்கிக்க. ரெண்டு வாரத்துல பழகிரும்." இப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. ஏதோ பெரிய வித்தையைக் கற்றுக்கொடுக்கிற மாதிரி சொல்லியிருக்கிறேன்.

உடம்பு பழகத்தான் செய்தது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை, பிறகு மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று ஆனது. ஒரு கார்த்திகை மாதக் காலையில் முக்கியபோது கண்ணாடிச் சில்லு கிழித்துக்கொண்டு வெளியே வந்த மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தேன். ரத்தம். நல்ல சிவப்பு. வலி அதோடு போகவில்லை. மத்தியானம்வரை உள்ளே யாரோ திருகிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கே என் மனசு ஒரு இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. என் அம்மா ரத்தப்போக்கில்தான் போனாள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கர்ப்பப்பையில் புற்று. ஒரு வருடம் பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் களையெடுக்கப் போய்வந்தாள். மதுரைக்குக் கொண்டுபோனபோது டாக்டர் எங்களைத்தான் திட்டினார். "இம்புட்டு நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" நான் அம்மாவைத் திட்டினேன். செத்த பிறகும் திட்டினேன். சொல்லியிருந்தால் என்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று படத்தைப் பார்த்து அழுதுகொண்டே கேட்டிருக்கிறேன்.

எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. இனி ரத்தம் வந்தால் அது அம்மாவுக்கு வந்ததுதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். எந்த வாசல் வழியாக வந்த ரத்தம் என்றுகூட யோசிக்கவில்லை. பார்க்கப் போனால் பெயர் சொல்லிவிடுவார்கள். பார்க்காமல் இருந்தால் பெயர் இல்லை. அம்மாவிடம் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்க ஆள் இல்லாததால் அம்மா செய்ததையே நானும் செய்தேன்.

சேலையைக் கிழிக்கவில்லை. அதற்குத்தான் எங்கள் கூடம் இருக்கிறதே. தறியில் ஓரம் பிசகின துணி, துண்டு விழுந்த துணி எல்லாம் ஒரு பெட்டியில் கிடக்கும். வேஸ்ட். அடுப்புத் துடைக்க, வண்டி துடைக்க என்று ஆளுக்கொரு கை எடுத்துப் போவோம், யாரும் கேட்கமாட்டார்கள். நான் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரித் துணிதானே, இதைவிடச் சுத்தம் எது என்று நினைத்தேன். பத்து நாளில் அரிப்பு ஆரம்பித்தது. வலி ஒரு பக்கம், அரிப்பு ஒரு பக்கம். தறிக்கு நடுவில் நின்று பல்லைக் கடிப்பேன். சொறியவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

பிறகு சாப்பாட்டைக் குறைத்தேன். உள்ளே போனால்தானே வெளியே வரவேண்டும் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு முட்டாள்தனம் பாருங்கள். சாப்பாடு குறையக் குறைய இன்னும் இறுகியது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மீசையைப் பார்த்தால் பயமாக இருக்கும், குரலைக் கேட்டால் சிரிப்பு வரும். அவ்வளவு மெதுவாகப் பேசுவார். வீட்டில் சத்தம் போடுவதெல்லாம் நான்தான். அவர் என் தட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்ன புள்ள, ரெண்டாங் குழம்பு வாங்காம எந்திரிக்க?"

"வயசாகலையா எனக்கு? எம்புட்டுத் திங்க?"

"போன வருசம் தின்னியே."

"போன வருசம் நீங்க அரிசி வாங்கிப் போட்டீக, தின்னேன். பேசாமச் சாப்பிடுங்க."

அவர் பேசாமல் சாப்பிட்டார். ஆனால் விடவில்லை.

மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் போய் வருவோம். நான் போகும்போதும் வரும்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் பாதி சீட்டு காலி.

"உக்காரேன்," என்றார்.

"வாரம் பூரா உக்காந்தே இருக்கேன், செத்த நேரம் நிக்கேன்."

தறியில் யாராவது உட்கார்ந்து வேலை பார்ப்பார்களா? பத்து மணி நேரமும் நின்றுதான். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தானும் எழுந்து என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கிறுக்கா உங்களுக்கு, போய் உக்காருங்க" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

எட்டாவது மாதம், மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கூடத்தில் பொய் சொல்லிவிட்டு ஒரு நாள் லீவு போட்டு நான் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மாடியில் போர்டு உண்டு. மூலம், பௌத்திரம், வெடிப்பு, கத்தியில்லை, வலியில்லை என்று மஞ்சளில் எழுதியிருக்கும். கீழே பால்கோவாக் கடை. கடைக்குள் போகிற மாதிரி நடந்து, பக்கத்துப் படியில் சட்டென்று ஏறினேன்.

மேலே ஒரு ஆள், மேஜை, மேஜை மேல் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் காய்ந்த வத்தல் மாதிரி ஏதோ கிடந்தது. மூல வேராம். ஆட்களிடமிருந்து எடுத்ததாம்.

"உங்களுக்கு வேரு நல்லா உள்ள ஓடியிருக்கு," என்றார்.

"இன்னும் நீங்க பாக்கவே இல்லையே?"

"முகத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும். ஒரே ஊசி. சுருங்கி விழுந்துரும்."

"ஏன்யா, என் முகத்துலயா மூலம் இருக்கு?"

எட்டு மாதம் கழித்து என் வாய் எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த மாடியில்தான். இன்னும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சொல்ல மறந்த நாலு வார்த்தையைப் படியில் இறங்கும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பாதிப் படியில் ஒருத்தி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு எதிரே ஏறி வருகிறாள்.

எங்கள் கூடத்தில் துணி மடிக்கிற அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கோபம் வந்தால் தெலுங்கில் வைவாள், நாங்கள் சிரிப்போம்.

இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

"என்னட்டி இங்க?"

"பால்கோவா வாங்க வந்தேங்க்கா. நீங்க?"

"நானும் பால்கோவாதான்."

பால்கோவாக் கடை கீழே இருக்கிறது. நாங்கள் நின்றது மேலே. அதை இரண்டு பேருமே சொல்லவில்லை. சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஆளுக்கு அரைக் கிலோ வாங்கினோம். அவள் மகளைப் பார்க்கப் போகிறேன் என்றாள். அவளுக்கு மகளே கிடையாது, இரண்டும் பையன்கள். நான் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

பால்கோவாவை வீட்டில் வைத்ததும் என் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கூடத்துல கேட்டேன். மகளுக்கு ஒடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுட்டுப் போயிருக்கன்னாங்க. அவளுக்கு போன் போட்டா, நான் நல்லாத்தான் இருக்கேன், அம்மா வரவே இல்லைங்கா."

நான் வாயைத் திறந்து சண்டை போடத்தான் நினைத்தேன். ஆனால் அழுகை வந்தது. நின்றுகொண்டே அழுதேன், உட்கார முடியாதே. எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம், வலி, உடைந்த கொண்டி, வேஸ்ட் துணி, மாடி, அம்மா. அவர் கடைசியில் அந்த மெதுவான குரலில் கேட்டார்.

"எட்டு மாசமாவா புள்ள?"

"ஆமா."

"பக்கத்துல தானே படுத்துக் கெடந்தேன்."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் வேனுக்கு வேறு டிரைவரை ஏற்பாடு செய்துவிட்டு என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் நான் முரண்டு பிடித்தேன். "அங்க துணிய அவுக்கச் சொல்லுவாக."

"சொல்லட்டும். பட்டாளத்துல சேரும்போது ஆபீசருல இருந்து சமையக்காரன் வரைக்கும் குனிஞ்சு நின்னவன்தான். நானும் நின்னேன். ஒண்ணும் தேஞ்சு போகலை."

"அது உங்களுக்கு. எனக்கு?"

"ஒனக்கு மட்டும் என்ன, தங்கத்துலயா செஞ்சிருக்கு?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை எதிர்த்து மடக்கினது அன்றைக்குத்தான்.

டாக்டர் ஒரு பெண்பிள்ளை. என் மகள் வயதுதான் இருக்கும். நான் "அங்க வலி" என்றேன். "எங்கம்மா?" என்றாள். "கீழ" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆசனவாயிலயா? வெளிய போகும்போது கிழிக்கிற மாதிரி வலிக்குதா? பேப்பர்லயோ துணியிலயோ சிவப்பா ரத்தம் படுதா?" என்று மளமளவென்று கேட்டாள். ஏதோ தலைவலியைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கியது. மலம் கறுப்பாகப் போகிறதா, எடை குறைந்ததா, குடும்பத்தில் குடல் வியாதி யாருக்காவது உண்டா என்றெல்லாம் கேட்டாள். அம்மாவைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

திரையை இழுத்துவிட்டு, நர்ஸம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னாள். "விரல் உள்ள விடமாட்டேன், இப்ப விட்டா உங்களுக்கு உயிர் போயிரும். வெளிய மட்டும் விலக்கிப் பாக்குறேன். வலிச்சா சொல்லுங்க, நிறுத்திருவேன்." டார்ச் வெளிச்சம் பட்டது. எண்ணிப் பத்துகூட ஆகியிருக்காது.

"வெடிப்பும்மா. நல்லாத் தெரியுது. சுத்தி இருக்கிற தோல் ஏன் இப்படிப் புண்ணாகிக் கிடக்கு?"

நான் வைத்திருந்த துணியை எடுத்துப் பார்த்தாள். "இது காயத்துக்குக் கட்டுற காஸ் துணி மாதிரி இருக்கே, எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. நாங்கதான் நெய்யறோம்."

அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். மொடமொடவென்றிருந்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. தறியில் இருக்கிற நூலுக்குப் பசை போட்டிருக்கும், அறுந்து போகாமல் இருக்க. நெய்த துணி வெளுக்கப் போய், பசை போய், வெந்து சுத்தமான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். நான் வைத்தது பச்சைத் துணி. பசையும் தூசியும் எண்ணெயும் உள்ள துணி. இருபது வருடமாக நெய்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். தறியில் தெரிந்தது கக்கூஸில் தெரியவில்லை.

"அப்ப அரிப்பு நீங்களே உண்டாக்கிக்கிட்டது," என்றாள். நர்ஸம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் எழுந்து சேலையைச் சரிசெய்தேன். கேட்டுவிட்டேன்.

"புத்தா டாக்டர்?"

அவள் சிரிக்கவில்லை. "நான் பாத்தது வெடிப்பு. வலி, ரத்தம் ரெண்டுக்கும் அது போதும். உங்க அம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பையில, இது வேற இடம். ஆனா உங்களுக்கு ஐம்பது வயசாகுது, எடையும் குறைஞ்சிருக்கு. அதனால இது ஆறினதும் ஒரு தடவை குழாய் விட்டு உள்ள பாத்திருவோம். கர்ப்பப்பைக்கும் ஒரு சோதனை எடுத்துரலாம். பாத்துட்டு நிம்மதியா இருங்க."

இல்லவே இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். பார்ப்போம் என்றாள் பாருங்கள், அதை நம்பினேன்.

வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை. பட்டாணி அளவு களிம்பு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. மலம் இளக ஒரு மருந்து, தண்ணீரில் கலந்து குடிக்கிற இசப்கோல் உமி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். கீரை, கொய்யா, கம்பு. முக்கக் கூடாது, வந்ததை அடக்கக் கூடாது. சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது. பச்சைத் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் தண்ணீர். "எம்புட்டுக் குடிப்பீங்க?" என்று எங்கள் பேச்சிலேயே கேட்டாள். அரை டம்ளர் என்றேன். ஒரு நாளைக்கா என்றாள். ஆமாம் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வீட்டில் உட்காருவதற்கு அகலமான பேசின் ஒன்றுதான் இருந்தது, இட்லி மாவு கரைக்கிறது. அவர் அதை எடுத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் கீழே வைத்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு நீலப் பேசின் வாங்கி வந்தார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி நிறுத்தி, "எதுக்கண்ணே புதுப் பேசின்?" என்று கேட்டிருக்கிறாள். "எம் பொண்டாட்டி உக்கார" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். "ஏங்க அப்படிச் சொன்னீக?" என்று குதித்தேன். "வேற எதுக்குன்னு சொல்ல? மீன் வளக்கவா?" என்றார்.

தினமும் காலையிலும் சாயங்காலமும் தண்ணீரைச் சுடவைத்து, முழங்கையை விட்டுப் பார்த்து, பேசினில் ஊற்றிவிட்டு, கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், எனக்குப் பொழுது போக. உள்ளே இருந்து நான் ஒவ்வொரு செய்திக்கும் ஒருத்தனைத் திட்டுவேன். அந்த ஆறு வாரம் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினது அதற்கு முன்னால் எப்போது என்று எனக்கு நினைவில்லை. கம்பங்கஞ்சியும் முருங்கைக்கீரையும் அவரே செய்தார். உப்பு இருக்காது. குடித்தேன்.

இரண்டாவது வாரம் வலி குறைந்தது. ஆறாவது வாரம் ரத்தம் நின்றது. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முதல் நாள் குடிக்கச் சொன்ன மருந்தைப் பற்றி எழுதினால் அது தனிக் கதையாகிவிடும். முடிவு வாங்கப் போன அன்றைக்கு, சின்னதாக உள்மூலம் ஒன்று இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார்கள். கர்ப்பப்பையும் சுத்தம். வெளியே வந்து அம்மாவைத் திட்டினேன். அதுதான் கடைசித் தடவை.

நான் மதுரையிலிருந்து வந்து வேலைக்குத் திரும்பியபோது மடிப்பு அக்கா ஒரு வாரமாக வரவில்லை என்றார்கள். பால்கோவா வாங்கிய அன்றைக்கு நான் பஸ் ஏறிய பிறகு அவள் திரும்ப அந்த மாடிக்கு ஏறியிருக்கிறாள். இரண்டு தடவை ஊசி போட்டிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் திரும்பிய மறுநாள் அவளும் வேலைக்கு வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. மடிப்பு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்து மடிக்க, இவள் மட்டும் நின்றுகொண்டு மடித்தாள். இடையில் வேஸ்ட் பெட்டிக்குப் போய் ஒரு கைத் துணி எடுத்து இடுப்பில் செருகினாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். தறியை விட்டுவிட்டு அவளிடம் போனேன். காதில் வாயை வைத்தேன். எல்லாத் தறியும் ஓடுகிறது, கத்தினால்தானே கேட்கும்? அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அக்கா! அந்தத் துணிய வைக்காதீக! எனக்கும் குண்டியில வெடிப்புதான்!"

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றது. கடைசி வார்த்தைகள் மட்டும் கூரை வரைக்கும் போய் வந்தன.

தறி ரிப்பேர் பார்க்கிறவன் ஸ்பேனரோடு நின்றான். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னலே பாக்க?" என்றேன். "ஒனக்கு இல்லையா?"

அவன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான்.

அக்கா "சாலு, சாலு" என்று தெலுங்கில் என் வாயைப் பொத்தினாள். போதுமாம். எனக்குப் போதவில்லை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? இருட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் குடிக்காதே என்று சொல்லிக் கொடுத்தது தப்பு என்றும் சொன்னேன். பெண்கள் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"புத்து இல்லைன்னு எப்படிட்டி சொன்னாக?"

"பாத்துச் சொன்னாக."

"பாத்துன்னா... அங்கயா?"

"பொறவு? மூஞ்சியையா பாப்பாக?"

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு சுத்தியலும் புதுக் கொண்டியும் எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்கு வந்தார். முதலாளியிடம் கேட்கவில்லை. கக்கூஸ் கதவில் கொண்டியை அடித்துவிட்டு, மூன்று தடவை உள்ளே போய்ப் பூட்டித் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை நானும் அக்காவும் சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினோம். அவளுக்கு உள்மூலம், ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியிருந்தது, பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று, இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்றைக்குக் காலையில் இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. எட்டு மாதம் என் நெஞ்சில் கிடந்தது அப்போது அவள் நெஞ்சில் கிடந்தது.

பஸ் காலியாக இருந்தது. நான் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாக அது எனக்குப் பெரிய சந்தோஷம். பஸ் ஏறினால் யாரையாவது தள்ளிவிட்டாவது உட்காருவேன். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நீ உக்காரேன்ட்டி."

"நிக்கேன்."

கண்டக்டர் வந்தான். "சீட்டு எம்புட்டுக் கிடக்கு, ரெண்டு பேரும் நடுவுல நின்னு வழிய மறிக்கீக. உக்காருங்கக்கா."

"குண்டி வலிக்குதுடா, டிக்கெட்டக் குடு."

அவன் டிக்கெட்டைக் கிழித்து எங்கள் கையில் திணித்துவிட்டு முன்பக்கம் ஓடியே போனான். அக்கா கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குலுங்கினாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன்.

"சிரிக்க வைக்காதட்டி," என்றாள், "வலிக்குது."